கதகதப்புக்கு ஒரு டோக்கன்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுவது. நீயும் அத்தானும் இந்தக் குளிரில் பத்திரமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம், ஒரு குறையும் இல்லை. இந்தக் குளிரில் நீ கிளம்பி வரவே வேண்டாம் என்று சொல்லத்தான் முக்கியமாக இந்தக் கடிதம்.

போன மாதம் ஹீட்டர் நின்றுபோனது. மெக்கானிக் வந்து, மூடியைக் கழற்றிப் பார்த்து, துக்கம் விசாரிக்கிற முகத்தோடு புதுசு வாங்கச் சொல்லிவிட்டுப் போனார். அதற்கு இப்போது வழியில்லை. ஜன்னல் விரிசலில் பழந்துணி அடைத்தோம், படுக்கையை அடுப்படிக்கு மாற்றினோம், நான் என் பழைய கண்டக்டர் கோட்டை மாட்டிக்கொண்டு தூங்கினேன். தூக்கத்தில் உன் தம்பி பெண்டாட்டியிடமே டிக்கெட் கேட்டேனாம். அவளுக்கோ இருமல் பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டால் குளிர்காலம் முடிந்த பிறகுதான் தேதி இருக்கிறது, அவசரமென்றால் காலையில் நேரில் வந்து டோக்கன் வாங்கிக் காத்திருங்கள் என்றார்கள். போனோம். அக்கா, அந்தக் காத்திருக்கும் அறையை நீ பார்க்க வேண்டுமே! மெத்தை வைத்த நாற்காலிகள், சுவர் நீளத்துக்கு ஹீட்டர். அரை மணியில் நான் கோட்டைக் கழற்றினேன். அவள் மூன்று வாரத்தில் முதல் தடவையாகக் கையுறையைக் கழற்றி, விரல்களை எண்ணிப் பார்த்து, “பத்தும் இருக்கு” என்றாள்.

எங்களுக்கு முன்னால் இன்னும் இரண்டு பேர்தான் என்றதும் கழற்றி வைத்த கோட்டைப் பார்த்தேன். டாக்டர் பார்த்துவிட்டால் வெளியே போக வேண்டும், வெளியே போனால் வீடு. முப்பது வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவனுக்கு யோசனைக்கா பஞ்சம்? கடைசியாக வந்த டெய்லரிடம் எங்கள் டோக்கனைக் கொடுத்து அவருடையதை வாங்கிக்கொண்டேன். மனிதர் கைகூப்பினார். மறுபடி எங்கள் முறை நெருங்கியதும் ஒரு கைக்குழந்தைக்காரியிடம் மாற்றிக்கொண்டேன். அறையைப் பூட்டும் வரை இப்படியே ஓட்டினோம். அந்தச் சூட்டில் இருமலும் அடங்கியிருந்ததால் அவளும் நாற்காலியை விட்டு எழவில்லை. இப்படி நாலு நாள். நர்ஸ் என்னை வள்ளல் என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

ஐந்தாம் நாள் பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போதே அவளுக்கு மூச்சு வாங்கியது. உள்ளே உட்கார்ந்தும் அடங்கவில்லை. எங்கள் நம்பரைக் கூப்பிட்டார்கள். பழக்கதோஷம், என் கை தானாகப் பக்கத்திலிருந்தவரிடம் டோக்கனை நீட்டியது. அவள் என் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். பேச மூச்சில்லை. அந்த நிமிஷம் என் கெட்டிக்காரத்தனமெல்லாம் காற்றில் போயிற்று, அக்கா. இவள் போய்விடுவாளோ என்று பயந்து நடுங்கிவிட்டேன். டாக்டரம்மா உடனே மாஸ்க் வைத்து மருந்து கொடுத்தார். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார். நாலு நாளாக வெளியேதான் உட்கார்ந்திருக்கிறோம் என்று உளறினேன். அவர் நர்ஸைப் பார்த்தார், நர்ஸ் வள்ளலைப் பார்த்தாள். அரை மணியில் மூச்சு சீரானது. மாஸ்க்கை எடுத்ததும், “உங்களுக்கு அந்த நாற்காலி பெருசா, நான் பெருசா?” என்று தொடங்கி வாசல்வரை திட்டினாள், அதுவும் ஒரே மூச்சில். இவ்வளவு சந்தோஷமாக நான் திட்டு வாங்கியதே இல்லை.

இப்போது நன்றாக இருக்கிறாள். நீ மனசை அலட்டிக்கொள்ளாதே. அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு மாமாவின் ஆசிகள்.

உன் பாசமுள்ள தம்பி

பி.கு.: டாக்டரம்மாவின் சீட்டை இப்போதுதான் பிரித்தேன். இரண்டு வேளை மாத்திரை, பகல் முழுக்கக் கதகதப்பான அறை என்று எழுதியிருக்கிறார். குணமானவளுக்கு இனி டோக்கன் கிடையாது என்று நர்ஸ் சொல்லிவிட்டாள். ஆனால் ஒரு நோயாளிக்குத் துணையாக இரண்டு பேர் உட்காரலாமாம். உடனே புறப்பட்டு வா. உன் முழங்கால் வலியை உங்கள் ஊரில் யாரிடமும் காட்டிக் குணமாக்கிவிடாதே.