ஜெரிக்காக ஒரு நன்றிப் பூசையும் நாற்பது மசால் வடையும்

இயேசு மரி சூசை

ராயபுரம்,
செவ்வாய்க்கிழமை, இரண்டாம் ஷிப்டுக்குக் கிளம்பும் முன்.

பாசத்துக்குரிய தங்கச்சி ஃப்ளோரன்சுக்கு, அண்ணன் செல்வநாதன் ஆசீர்வாதத்தோடு எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணி டெபோராவும் உடம்பளவில் சுகம். அங்கே நீயும் மச்சான் நெல்சனும் சுகமா என்று கேட்கப்போவதில்லை. என் மகன் உங்கள் வீட்டில் இருக்கிறான், உங்களுக்கென்ன குறை. எண்ணூர் ஒரு பஸ் தூரம்தானே, போனும் இருக்கிறதே, இந்த மனுஷன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். உன் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசும். வாட்ஸ்அப் என்றால், போன தடவை உன் மாமியாரைப் பற்றி உனக்கு மட்டும் என்று நான் பேசி அனுப்பியது குடும்ப குரூப்பில் போய் விழுந்து, அந்த அம்மாவே அதற்குக் கட்டைவிரல் போட்டது நினைவிருக்கும். கடிதம்தான் பத்திரம். ஜெரி கல்லூரிக்குப் போனபின் படி.

அவன் ஏன் வீட்டைவிட்டு வந்தான் என்று உன்னிடம் சொல்லியிருக்க மாட்டான், ஆகவே நான் சொல்கிறேன். போன செமஸ்டர் முழுக்கப் பிள்ளை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துவிடுவான், கிட்டாரைத் தொடவில்லை. நான் காதல் என்றேன், டெபோரா கண் பட்டிருக்கிறது என்றாள், இரண்டுக்கும் பொதுவாகப் பல் டாக்டரிடம் கூட்டிப்போனோம். பிறகு ஒருநாள் அவனாக இரண்டாம் தடவை மீன் குழம்பு கேட்டான். நான் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை, தூக்கினால் வேண்டாம் என்று சொல்லிவிடுவானோ என்ற பயம். அப்போதுதான் சொன்னான்: கல்லூரியில் புதன்கிழமை நாலு மணிக்கு, லைப்ரரிக்குப் பின்னால் ஓர் அறையில், மனசு சரியில்லாத பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாக உட்கார்ந்து பேசுகிறார்கள், நவ்ரீன் என்று ஒரு கடைசி வருஷப் பெண் நடத்துகிறாள், அங்கே போக ஆரம்பித்த பிறகுதான் தூக்கம் வருகிறது என்று. “அங்க பேசுனது அந்த ரூமத் தாண்டாது டாடி, அதான் ரூலு. நான் போறதையே உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன்” என்றான். ஃப்ளோரா, ‘உன்கிட்ட மட்டும்’ என்று என்னிடம் இந்த ஐம்பத்தொரு வயதில் யாரும் சொன்னதில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லமாட்டார்கள். எட்டு மணி நேரம் துறைமுகத்தில் கிரேன் கூண்டுக்குள் தனியாக உட்கார்ந்திருக்கிறவன், கீழே இறங்கியதும் அகப்பட்ட முதல் ஆளிடம் அந்த எட்டு மணி நேரத்தையும் கொட்டுகிறவன் நான்.

வட்டமாக உட்கார்ந்து கஷ்டத்தைச் சொல்வது என்றால் எனக்குத் தெரிந்தது நம் தெரு அன்பியக் கூட்டம்தான். மாதம் ஒரு வீட்டில் கூடுவோம், பைபிள் வாசிப்போம், அவரவர் வேதனையைச் சொல்வோம், கடைசியில் அந்த வீட்டுக்காரர் டீயும் பலகாரமும் தரவேண்டும். தராவிட்டால் அடுத்த கூட்டம் வரை அதுதான் பேச்சு. என் மகன் போகும் இடத்தில் அப்படி ஒரு பேச்சு வரலாமா? அடுத்த புதன்கிழமை நாற்பது மசால் வடையோடு போய்க் கதவைத் திறந்தேன். பிள்ளைகள் வட்டமாக இருந்தார்கள், ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள், எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. “வட சூடா கீதும்மா, முதல்ல சாப்டு, அப்பால அழலாம்” என்றேன். நவ்ரீன் எழுந்துவந்து வடையை மட்டும் உள்ளே வாங்கிக்கொண்டு என்னை வெளியே விட்டாள். ஜெரியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பைக்கில் டோல்கேட் வரை வந்தேன். அங்கே லாரிகளுக்கு நடுவே சிக்னலில் நிற்கையில் பின்சீட்டு குலுங்கியது. அழுகிறானோ என்று திரும்பினால், சிரிக்கிறான். எத்தனையோ மாசத்துக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. “செம வட டாடி. ஆனா இனிமே வராத” என்றான்.

வடையை மன்னித்துவிட்டான். நான் அதோடு நின்றிருக்க வேண்டும். பிள்ளை சிரித்துவிட்டானே, கடவுளுக்கு நன்றி சொல்லாமல் இருக்கலாமா என்று பங்கு அலுவலகத்தில் ஞாயிறு பூசையில் வேண்டிக்கொள்ளக் கருத்துச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். எல்லோரும் பெயரும் ‘நன்றியாக’ என்ற ஒரு சொல்லும் எழுதுவார்கள், சீட்டில் அவ்வளவுதான் இடம். நான் பின்பக்கமும் எழுதினேன், கடவுளுக்கு விவரம் தெரியட்டும் என்று. ஞாயிற்றுக்கிழமை உபதேசியார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மைக்கில் ஒரு கமாவும் விடாமல் வாசித்தார்: “மனச்சோர்வினால் சுவரைப் பார்த்துப் படுத்திருந்து, கல்லூரியில் மனநலக் குழுவில் சேர்ந்து, தற்போது இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிடும் ஜெரிக்காக, அவருடைய தந்தை செல்வநாதன்.” ஜெரி அன்றுதான் மறுபடி கிட்டாரோடு பாட்டுக் குழுவில் நின்றிருந்தான். கிட்டாரைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பக்கவாட்டுக் கதவு வழியாகப் போய்விட்டான். பூசை முடிந்ததும் என்னைச் சுற்றி ஒரே கூட்டம். மீன்காரி முத்தம்மா, “இன்னாண்ணே, புள்ளைக்கு மனசுல இன்னாமோ கீதாமே, என் ஓரகத்தி மவனுக்கும் இதான், தலைக்கு வெளக்கெண்ண வெச்சிப் பாரு” என்றாள். இன்னொருத்தி, “கண்ணாலம் பண்ணி வையி, அல்லாம் சரியாப் பூடும்” என்றாள். பத்தொன்பது வயசுப் பிள்ளைக்கு. வீட்டுக்கு வந்தால் ஜெரி பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தான். கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன், அதில் எனக்குப் பழக்கம் உண்டு. மெதுவாக, “உன்கிட்ட மட்டும்னு சொன்னேன்ல டாடி” என்றான். அவ்வளவுதான்.

இருபத்து மூன்று நாள் ஆகிறது. குளியலறைக்கு வரிசை இல்லை, ஃபேன் ரிமோட் என் கையில், ராஜா மாதிரி இருக்கிறேன். டெபோரா இன்னமும் மூன்று பேருக்கு வடித்துவிட்டுப் பானையையே பார்க்கிறாள். அவன் கிட்டாரைத் துடைக்கப்போய் ஒரு கம்பியை அறுத்துவிட்டேன், அதைச் சொல்லாதே. மழை விட்டிருக்கும் நாட்களில் கிரேன் கூண்டிலிருந்து வடக்கே பார்த்தால் எண்ணூர் புகைக்கூண்டுகள் தெரியும். அதற்குக் கீழேதான் எங்கேயோ என் பிள்ளை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான் என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். கீழே நிற்பவர், “அண்ணாத்த, பொட்டி அந்தரத்துல தொங்குது, எறக்குறியா இன்னா” என்று வயர்லெஸ்சில் கத்துவார்.

போன சனிக்கிழமை அந்தக் குழுவில் பெற்றோர்களுக்கும் ஒரு கூட்டம் வைத்தார்கள். ஜெரி என்னைக் கூப்பிடவில்லை, நவ்ரீன்தான் கூப்பிட்டாள். “வடை வேணாம் அங்கிள். பேசணும்னு இல்ல, உக்காந்தா போதும்” என்றாள். போனேன். எதிரே ரயில்வேயில் வேலை பார்க்கும் ஒருவர், அவருடைய மகள்

இங்கே நாலு வரி எழுதி அடித்திருக்கிறேன், வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காதே. அந்த அறையைத் தாண்டக்கூடாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வருகிற ஞாயிறுக்குள் அவனை எப்படியாவது அனுப்பிவை. எனக்குக் காய்ச்சல் என்று சொல். நம்பாவிட்டால் டெபோராவுக்கு என்று சொல். அதுவரை என்ன சாப்பிடுகிறான், யாரோடு போனில் பேசுகிறான், சுவரைப் பார்த்துப் படுக்கிறானா உன்னைப் பார்த்துப் படுக்கிறானா, சிரிக்கிறானா, சிரித்தால் எதற்கு, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் எழுது. என்னைப் பற்றி ஏதாவது கேட்டால் அதை முதலில் எழுது.

மச்சான் காட்டுப்பள்ளியில் வெல்டிங் கண்ணாடி போடாமல் வேலை செய்கிறாராம், கண்டித்து வை. மாதா உங்கள் எல்லோரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாராக. உன் மாமியாரையும், அங்கே இடமிருந்தால்.

இப்படிக்கு,
உன் அண்ணன்,
செல்வநாதன்

பி.கு.: கவரை ஒட்டும் நேரத்தில் ஜெரி போன் செய்தான். பதினோரு நிமிடம் பேசினான். ஆகவே மேலே கேட்டது எதையும் செய்யாதே. காய்ச்சல் வேண்டாம், வேவு வேண்டாம், ஒரு வரிகூட எழுதாதே. அவனுக்கு எப்போது வரத் தோன்றுகிறதோ அப்போது வரட்டும். கம்பி அறுந்ததை நானே சொல்லிவிட்டேன். அவன் என்ன சொன்னான் என்று டெபோரா கேட்டாள். முத்தம்மா மீன் கூடையையே இறக்கிவைத்துவிட்டு உட்கார்ந்து கேட்டாள். அங்கே மழை என்று சொன்னான் என்றேன். நீ கேட்டாலும் மழைதான்.