நாற்பத்தெட்டுத் துண்டு நகரம்

நகரங்களைக் கட்டியவர்களை உலகம் நிறையவே கண்டிருக்கிறது. ஒரு நகரத்தை ஒட்டியவர் என்று சொல்லிக்கொள்ள ஒருவர்தான் உண்டு. மல்லசமுத்திரத்துக்குத் தெற்கே, செங்குழிப்பட்டிப் பேரூராட்சி அலுவலகத்தில் கணினி இயக்குபவராகப் பணியாற்றும் திருவாளர் ஞானதாஸ்தான் அவர். பழைய மன்னர்கள் கல்லும் சுண்ணாம்பும் யானையும் கொண்டு இருபது வருடம் பாடுபட்டுச் செய்ததை, அவர் வலது கைக் கட்டைவிரலால், சாப்பாட்டு இடைவேளைகளில், ஒன்பதே மாதத்தில் செய்து முடித்தார். கட்டுமானத்தில் உயிரிழப்பு எதுவும் இல்லை. கட்டைவிரலில் மட்டும் லேசான வீக்கம்.

அவருடைய கைப்பேசியில் நகரம் கட்டும் விளையாட்டு ஒன்று இருந்தது. முதலில் வெற்று நிலம் கொடுப்பார்கள். அதில் சாலை போட வேண்டும், வீடு எழுப்ப வேண்டும், மின்சாரம் இழுக்க வேண்டும். மக்களுக்குக் குறை ஏதும் இருந்தால் அவரவர் வீட்டுக் கூரைமேல் ஒரு குமிழ் கிளம்பும். குப்பை அள்ளாவிட்டால் குப்பைத்தொட்டி, இருட்டாக இருந்தால் விளக்கு, தண்ணீர் வராவிட்டால் நீலத் துளி. மனு எழுத வேண்டாம், வரிசையில் நிற்க வேண்டாம். நாகரிகமான மக்கள்.

மற்றவர்கள் இந்த விளையாட்டில் கடல் கடந்த நகரங்களைக் கட்டினார்கள். ஞானதாஸ் பக்தியுள்ள மனிதர். சேலத்திலிருந்து தினமும் பேருந்தில் வந்து தான் சோறு தின்னும் ஊர் எதுவோ, அதற்கு விசுவாசமாக இருக்க வேண்டும் என்று நினைத்தார். எனவே செங்குழிப்பட்டியையே கட்டினார். அலுவலகத்துப் பழைய வரைபடத்தைப் பக்கத்தில் விரித்துக்கொண்டு, பேருந்து நிறுத்தம், மாரியம்மன் கோயில், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிப் பட்டறை, முட்டைக் கிடங்கு என்று ஒவ்வொன்றையும் உரிய இடத்தில் வைத்தார். சாக்கடை இருந்த இடத்தில் வைக்க விளையாட்டில் சாக்கடை கிடைக்கவில்லை. வாய்க்காலும் இரண்டு அன்னமும் கிடைத்தன. வைத்தார்.

ஊர் வளர்ந்து திரைக்குள் அடங்காமல் போனபோதுதான் அவருடைய உண்மையான மேதைமை வெளிப்பட்டது. நகரத்தை ஓரத்திலிருந்து தொடங்கி, வரிசைக்கு எட்டாக ஆறு வரிசை, நாற்பத்தெட்டு ஸ்கிரீன்ஷாட்கள் எடுத்தார். ஒவ்வொன்றின் ஓரத்திலும் இருந்த காசுப் பெட்டி, சிரித்த முகம், 'இன்றே வாங்குங்கள்' விளம்பரம் எல்லாவற்றையும் நறுக்கினார். விளையாட்டில் ஊர் சாய்வாகத் தெரியும் என்பதால் துண்டுகளை மைசூர்பாகு போலச் சாய்வாக வெட்டிப் பொருத்தினார். ஒரு படம் எடுத்து அடுத்த படம் எடுப்பதற்குள் வண்டிகள் நகர்ந்துவிடும். அதனால் பேருந்து நிறுத்தத்தில் முன்பாதி மட்டும் உள்ள பேருந்து ஒன்று நின்றது. ஓட்டுநர் உண்டு, இருக்கைகள் இல்லை. அந்தப் பேருந்தில் கூட்டம் அதிகம் என்று இன்றுவரை ஒரு புகாரும் இல்லை.

மிச்சம் இருந்தவை குமிழ்கள். அதற்கும் ஒரு கருவி இருந்தது. குறையின்மீது விரலால் தடவினால், பக்கத்துக் கூரையின் நிறத்தை எடுத்து அது மூடிவிடும். குறை போய்விடும். நிர்வாகத்துறை பல காலமாகச் செய்துவருவதுதான் இது. இவ்வளவு சுத்தமாக யாரும் செய்ததில்லை. கடைசித் துண்டை ஒட்டியதும் ஞானதாஸ் சிலுவை போட்டுக்கொண்டு படத்தைச் சேமித்தார்.

இந்தச் சமயத்தில்தான் செயல் அலுவலர் அன்பழகனுக்கு மேலிடத்துக் கடிதம் ஒன்று வந்திருந்தது. ஆய்வுக்கு வரும்போது ஒவ்வொரு பேரூராட்சியும் தன் ஊரின் வான்வழிப் படத்தைச் சுவரில் வைத்திருக்க வேண்டுமாம். பறக்கும் கேமராக்காரர் ஒருவரை ஏற்பாடு செய்தார்கள். கேமரா கோயில் கோபுரத்தைத் தாண்டவில்லை. காகங்கள் கூட்டமாக வந்து இறக்கிவிட்டன. அன்பழகன் கவலையோடு உலவிக்கொண்டிருந்தவர், ஞானதாஸின் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார்.

"இது எந்த ஊருங்க, ஞானதாஸ்?"

"நம்மூருதாங்க சார்."

அன்பழகன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். "நம்மூரு இவ்வளவு நல்லா இருக்குதுன்னு எங்கிட்ட ஒருத்தருமே சொல்லலியே."

ஞானதாஸ் பொய் சொல்லாதவர். இது விளையாட்டு என்பதை விளக்கமாகச் சொன்னார். விளையாட்டாக இருந்தால் என்ன, வினையாக எடுத்துக்கொள்வோம் என்று அன்பழகன் முடிவு செய்தார். மூன்றாம் நாள், பதினாறு அடி நீளத்தில் 'விண்ணிலிருந்து செங்குழிப்பட்டி' பிளெக்ஸாக அலுவலகச் சுவரை நிறைத்தது.

ஊர் திரண்டு வந்து பார்த்தது. எல்லோரும் முதலில் தத்தம் வீட்டைத் தேடினார்கள். கண்டுபிடித்தவர்களுக்கு அது மாடி வீடாக இருந்தது. ஒரு குடும்பம் ஓமலூரிலிருந்து பெண் கொடுக்க வந்தவர்களை நேராக இங்கே அழைத்து வந்து, மாடியையும் தோட்டத்தையும் காட்டி, வீட்டுக்குக் கூட்டிப் போகாமலே நிச்சயம் செய்துவிட்டது. இன்னொருவர் தன் பங்காளி மூன்றடி தள்ளிக் கட்டியிருப்பதாகப் படத்தை அளந்து புகார் கொடுத்தார். பங்காளியோ அந்த மூன்றடியை விட்டுத்தர முடியாது என்றார். இருவருக்குமே அங்கே நிலம் கிடையாது.

கோழிப்பண்ணையில் முட்டை அடுக்கும் சின்னாயி மட்டும் வெகுநேரம் தேடினாள். விரலைப் பேருந்து நிறுத்தத்தில் வைத்து நகர்த்திக்கொண்டே போனாள். முட்டைக் கிடங்கு. அதைத் தாண்டிப் பாலம். பாலம் தாண்டினால் அவளுடைய கரட்டு வளவு இருக்க வேண்டும். அன்னம் நீந்திக்கொண்டிருந்தது.

கரட்டு வளவு என்பது பாறை மேட்டுச் சரிவில் பதினோரு வீடுகள். அங்கே குழாய் கிடையாது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் மோட்டார் போடும்போது ஓடிப்போய்ப் பிடித்தால் தண்ணீர். அவர் போடாத நாளில் இல்லை. சின்னாயி மூன்று வருடம் மனுக் கொடுத்து, ஒருவழியாக நாற்பது குழாய்கள் வந்து இறங்கி, அலுவலகத்துக் கொல்லையில் நான்கு மாதமாகப் பள்ளம் தோண்டும் ஆளுக்காகக் காத்துக் கிடந்தன. இப்போது பார்த்தால் வளவையே காணோம். முப்பத்தொன்றாம் துண்டையும் முப்பத்திரண்டாம் துண்டையும் சேர்க்கும்போது ஞானதாஸின் கத்தரி ஒரு நகக்கண் அளவு கூடுதலாகப் போய்விட்டது. பதினோரு வீடு, முப்பத்தெட்டு உயிர், ஒரு வேப்பமரம்.

படத்தில் இல்லாத வளவுக்குப் பள்ளம் தோண்டினால் தணிக்கையில் கேட்பார்கள் என்று அன்பழகன் அவளிடம் வருத்தத்தோடு சொன்னார். அவர் கெட்டவர் அல்ல. சுவரில் ஒன்று இருந்தால் அதை நம்ப வேண்டும் என்று வளர்க்கப்பட்டவர்.

சின்னாயி ஞானதாஸின் மேசைக்கு வந்தாள். சண்டை போடவில்லை.

"ஏனுங்க சாமி, நாங்க பண்ணுன தப்பு என்னுங்க? ஊரையெல்லாம் ஒட்டுனீங்க, எங்களை மட்டும் வெட்டிப்போட்டீங்களே."

ஞானதாஸ் அன்று சாப்பாட்டு இடைவேளையில் கைப்பேசியைத் தொடவில்லை. ஞாயிறுதோறும் பங்குக் கோயிலில் சிறுவர்களுக்கு மறைக்கல்வி சொல்லித்தருபவர் அவர். தாகமாக இருப்பவருக்குத் தண்ணீர் கொடுப்பது இரக்கச் செயல்களில் ஒன்று என்று அவர்தான் ஒவ்வொரு வருடமும் மனப்பாடம் செய்யவைத்தார். அதைப் படத்தில் கொடுத்தால் செல்லுமா, செல்லாதா என்று அந்தப் பாடத்தில் குறிப்பில்லை.

மறுநாள் கொல்லைப்புறம் போனார். குழாய்கள்மேல் உட்கார்ந்து, கைப்பேசியை எடுத்து, திருப்பணியைத் தொடங்கினார். விளையாட்டில் வளவு பழையபடியேதான் இருந்தது; அதை அப்படியே மறுபடி ஒட்டினால் போதாது என்று பட்டது. பாறை மேட்டைச் சமன் செய்தார். பதினோரு வீடுகளையும் ஓட்டு வீடுகளாக எழுப்பினார். ஒரு தண்ணீர்த் தொட்டி வைத்தார். விளையாட்டு விதிப்படி தொட்டி எழும்பப் பத்தொன்பது மணி நேரம் ஆகும். ஜெபமாலை உருட்டிக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தார். வீட்டுக்கு ஒரு குழாய் வைத்தார். சின்னாயி வீட்டு வாசலில் ஒரு செம்பருத்தியும் வைத்தார். அதை யாரும் கேட்கவில்லை, அவருடைய நல்ல மனம். தொட்டித் தண்ணீர் ஒரு வீட்டுக்குத்தான் எட்டியது. மற்றப் பத்து வீடுகளின்மேல் இன்னும் நீலத் துளி மிதந்தது. தடவினார். போய்விட்டது. புதிய துண்டை அச்சடித்து, பழைய பிளெக்ஸின்மேல் தன் கையாலேயே ஒட்டினார்.

வளவுப் பெண்கள் வந்து பார்த்துச் சிரித்தார்கள். ஒருத்தி தன் வீட்டுக் குழாயருகே நின்று போட்டோ எடுத்துக்கொண்டாள். படத்தில் வந்தாகிவிட்டது, இனி நிஜத்தில் வராமல் எங்கே போகும் என்று சின்னாயி எல்லோரிடமும் சொன்னாள். அன்று ஞானதாஸ் பேருந்தில் நின்றுகொண்டே சேலம்வரை போனார். கால் வலிக்கவே இல்லை.

திங்கட்கிழமை மேலதிகாரி வந்தார். கையில் நிலுவை மனுக்களின் பட்டியல். ஒவ்வொன்றாக வாசித்து, சுவரை நிமிர்ந்து பார்த்து, தலையாட்டிக்கொண்டே வந்தவர், சின்னாயியின் மனுவில் நின்றார்.

"கரட்டு வளவு. தொட்டி இருக்குது. பதினோரு ஊட்டுக்கும் குழா இருக்குது. அப்பறம் இதை ஏன் நிலுவையில வெச்சிருக்கீங்க?"

அன்பழகன் ஞானதாஸைப் பார்த்தார். ஞானதாஸ், "சார், அது வந்துங்க..." என்று தொடங்கினார்.

"நீங்க செஞ்சதா?"

"நான் செஞ்சதுதாங்க சார்."

அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. மேலதிகாரி எழுந்து வந்து அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். கேட்காமலே செம்பருத்தி வைக்கும் ஊழியர் நாட்டில் எத்தனை பேர் என்று அன்பழகனிடம் வியந்தார். அடுத்துச் சொல்ல ஞானதாஸிடம் ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. நான்கே சொற்கள்தான். குலுங்கிக்கொண்டிருந்த கையை நடுவில் நிறுத்திச் சொல்வது மரியாதையாக இருக்காது என்று பட்டது. கை நின்றபோது மேலதிகாரி பேனாவால் மனுவை முடித்திருந்தார். 'கோரிக்கை நிறைவேற்றப்பட்டது.'

கொல்லையில் கிடந்த நாற்பது குழாய்களும் இனி உபரி என்பதால், தேவைப்படும் இன்னொரு பேரூராட்சிக்கு லாரியில் ஏறின. அங்கே காகங்கள் இல்லையாம். உள்ளதை உள்ளபடி படம் எடுத்து மாட்டியிருந்தார்கள். தண்ணீர் இல்லாதது தெளிவாகத் தெரிந்தது. அன்றைக்கே பண்ணையில் முட்டை அடுக்கிக்கொண்டிருந்த சின்னாயியின் கைப்பேசிக்குச் செய்தி வந்தது: 'தங்கள் குறை தீர்க்கப்பட்டது. தங்கள் சேவையில் மகிழ்கிறோம்.' அவள் அதைப் பக்கத்தில் இருந்தவளிடம் இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை பாராட்டு விழா. படத்தின் முன்னால் நாற்காலிகள் போட்டு, ஞானதாஸுக்குப் பட்டுச் சால்வை போர்த்தி, 'அலுவலகத்தை விட்டு நகராமலே மக்கள் குறை தீர்த்த மாமனிதர்' என்று சான்றிதழ் வழங்கினார்கள். அன்பழகன் பேசி முடிப்பதற்குள் வாசலில் சத்தம் கேட்டது. சின்னாயியும் வளவுப் பெண்கள் பத்துப் பேரும் வந்துகொண்டிருந்தார்கள். இடுப்பில் ஆளுக்கொரு காலிக் குடம். பயனாளிகள் நன்றி சொல்ல வந்திருப்பதாக அன்பழகன் ஒலிபெருக்கியில் அறிவித்தார். கைதட்டல் எழுந்தது.

அவர்கள் படத்தின் அடியில், கரட்டு வளவுக்கு நேர் கீழே, பதினோரு குடங்களையும் வரிசையாக இறக்கிவைத்தார்கள். சின்னாயி கைகூப்பினாள்.

"நீங்க நல்லவிங்க சாமி. மூணு வருசமா அலைஞ்சோம், ஒருத்தரும் குடுக்கல. நீங்க ஒருத்தருதான் குடுத்தீங்க. ஆனா எங்க கைக்கு அது தொறக்க மாட்டீங்குதுங்க. நீங்களே வந்து கொஞ்சம் தொறந்து வுடுங்க."

யாரும் சிரிக்கவில்லை. ஞானதாஸ் எழுந்து படத்தருகே போனார். என்ன செய்கிறோம் என்று தெரியாமலே, பழக்கத்தில், அந்தக் குழாயின்மீது இரண்டு விரல்களை வைத்து விரித்தார். பிளெக்ஸ் பெரிதாகவில்லை.

சின்னாயி முதல் குடத்தைக் குழாய்க்கு நேராக இன்னும் கொஞ்சம் நகர்த்திவைத்துவிட்டு, அவருடைய தோளிலிருந்து நழுவிய துணியை எடுத்து மேலே போட்டாள்.

"பாத்துங்க சாமி. சால்வை நனைஞ்சறப் போவுது."