அக்கறைக்காரரின் இலவச வைஃபை

அக்கறைக்காரர் என்று ஓர் இனம் உண்டு. அடையாளம் காண்பது சுலபம். உங்கள் வாசலில் வந்து நிற்பார். நீங்கள் கதவைத் திறப்பீர்கள். அவர் உங்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் குனிந்து செருப்புகளைப் பார்ப்பார். எத்தனை ஜோடி, எது புதுசு, எது இந்த வீட்டுக் கால்களுக்குப் பொருந்தாதது என்பதையெல்லாம் ஒரே பார்வையில் அள்ளிக்கொண்டு, அதற்கப்புறம்தான் நிமிர்ந்து, "என்ன, எல்லாரும் சௌக்கியமா?" என்பார். நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை. அவருக்குத் தெரிந்துவிட்டது.

மூன்றாவது மாடியில் குடியிருந்த தையல்காரி இந்தக் குனிதலைப் பல வருஷமாகப் பார்த்துவந்தவள். துணிக்கடை ஒன்றில் கால்சட்டைகளுக்கு நீளம் குறைப்பதும் இடுப்பைப் பிரித்துவிடுவதும் அவள் வேலை. கணவர் லாரியோடு ஊர் ஊராகப் போகிறவர். அதிகம் பேசமாட்டாள், பேசாதவர்களுக்குக் கண்ணில் நேரம் மிச்சமாகும். அதே கட்டிடத்தில் குடியிருந்து வாடகை வாங்கும் வீட்டுக்காரர் குனிகிறபோதெல்லாம் அவர் உச்சந்தலையைப் பார்த்துப் பார்த்து, அங்கே முடி எப்போது கொட்ட ஆரம்பித்தது என்பதை அவர் மனைவிக்கு முன்பே தெரிந்துகொண்டவள் அவள்தான்.

செருப்பு ஆரம்பப் பாடம். கொடியில் புதிதாக ஒரு சட்டை காய்ந்தால், "விருந்தாளியா?" குப்பைப் பை கனத்தால், "வீட்டுல ஏதும் விசேஷமா?" பை இளைத்தால், "வெளியிலயே சாப்பிடறீங்களோ, உடம்பு என்னத்துக்கு ஆகும்?" வேவு பார்க்கிறார் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அழுதுவிடுவார். இத்தனைக்கும் அவர் ஒரு பெயின்ட் கடை முதலாளி. நாள் முழுக்க கல்லாவில் உட்கார வேண்டியவர். அந்த வேலைக்கு நடுவிலும் நாலு குடித்தனத்தின் நலனைத் தலையில் சுமக்கிறார். அவர் தாய்மொழியில் ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது. "உங்க நல்லதுக்குத்தான் கேக்கறேன்."

ஒரு நாள் இரண்டு ஆட்கள் ஏணியோடு வந்து, எல்லா வீடுகளிலும் கூடத்தில் ஒன்று, சமையலறைப் பக்கம் ஒன்று என்று வெள்ளைப் பெட்டிகளைப் பொருத்திவிட்டுப் போனார்கள். வைஃபை. வாடகையோடு சேர்த்து, இலவசம். இலவசம் என்ற சொல் காதில் விழுந்த பிறகு மேற்கொண்டு கேள்வி கேட்க யாருக்கு மனசு வரும்? நீட்டின இடத்தில் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். அடியில் பொடி எழுத்தில் ஏதோ இருந்தது. பொடி எழுத்து என்பதே படிக்க வேண்டாம் என்று சொல்லத்தானே.

அதற்கப்புறம் வீட்டுக்காரர் குனிவதை நிறுத்திவிட்டார்.

மனுஷன் திருந்திவிட்டார் என்றார் கீழ்வீட்டு வங்கி ஊழியர். முதுகுவலியாக இருக்கும் என்றாள் இரண்டாம் மாடி நர்ஸ். அவர் இப்போது மாடிப்படியில் ஏறும்போது செருப்புக்குப் பதிலாகக் கையிலிருக்கும் போனைப் பார்த்துக்கொண்டே வருவதையும், பார்த்துவிட்டு ஒவ்வொரு கதவுக்கும் ஒவ்வொரு விதமாகச் சிரிப்பதையும் தையல்காரி கவனித்து வைத்தாள்.

விஷயம் நர்ஸ் மூலமாக வெளிவந்தது. இரவு வேலை முடித்து வந்து கட்டையாகத் தூங்கிக்கொண்டிருந்தவளின் கதவை நடுப்பகலில் தட்டு தட்டென்று தட்டியிருக்கிறார்.

"உயிரோடதான் இருக்கியாம்மா? காலைல இருந்து உன் வீட்டுல அசைவே இல்ல. பயந்துட்டேன்."

"தூங்கறேன் சார். அது சரி, அசைவு இல்லன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் பெருமையோடு போனைக் காட்டினார். ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு கட்டங்கள். ஆள் நடமாடினால் கட்டம் பச்சையாகும். நடமாட்டம் இல்லையென்றால் சாம்பல். பெட்டியிலிருந்து அலை வருகிறதாம். குறுக்கே ஆள் போனால் அலை கலைகிறதாம். கலைந்தது செய்தியாக வந்துவிடுகிறதாம்.

"கேமரான்னா தப்பும்மா. நானே ஒத்துக்க மாட்டேன். இது வெறும் அலை. அலைக்குக் கண்ணு கிடையாது."

அலைக்கு இல்லாத கண்ணை அதன் பின்னால் நின்று அவர் ஈடு செய்துகொண்டிருந்தார்.

இவ்வளவோடு நின்றிருந்தால் தையல்காரியும் இதைச் சிரித்துவிட்டு மறந்திருப்பாள். ஆனால் அந்த வாரம்தான் அவள் தங்கை ஒரு துணிப்பையோடு வந்து சேர்ந்தாள். புருஷன் வீட்டிலிருந்து யாரிடமும் சொல்லாமல் கிளம்பி வந்தவள். ஒரு வேலை கிடைக்கும்வரை, சொந்தக் காலில் நிற்கும்வரை, இங்கே இருப்பது யாருக்கும் தெரியக்கூடாது. தெரிந்தால் மறுநாளே மாமியாரும் கொழுந்தனும் வந்து, நாலு நல்ல வார்த்தை சொல்லி, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அந்த நாலு வார்த்தையை எதிர்த்துப் பேசும் தெம்பு அவளுக்கு இன்னும் வரவில்லை. வீட்டுக்காரர் வாயில் விழுந்த சேதியோ, அவர் படியிறங்கி முடிப்பதற்குள் அடுத்த தெருவில் இருக்கும்.

நாலாம் நாள் அவர் தையல்காரியைப் படியிலேயே மறித்தார்.

"ஏம்மா, நீ காலைல வேலைக்குப் போயிடற. உன் புருஷனும் ஊர்ல இல்ல. பகல் முழுக்க உங்க வீட்டுல யாரு நடக்கறது?"

"யாருமில்லியே சார்."

"பச்சை வருதேம்மா."

"பூனையா இருக்கும்."

"பூனை வளக்கக் கூடாதுன்னு ஒப்பந்தத்துலயே இருக்கு."

"வளக்கல சார். அதுவா வந்துட்டுப் போகுது."

"அதுவா வந்து, காலைல சமையக்கட்டு, அப்பறம் கூடம், சாப்பாட்டு நேரத்துக்கு மறுபடி சமையக்கட்டு, மத்தியானம் ஒரு தூக்கம். ரொம்ப ஒழுங்கான பூனைதான்." அவர் சிரித்தார். "ஞாயித்துக்கிழமை ஜன்னலுக்கு வலை அடிக்கறவரைக் கூட்டிட்டு வரேன். எங்க வழியா வருதுன்னு பாத்து அடைச்சிடலாம். உங்க நல்லதுக்குத்தான்."

அன்று அவள் பெட்டியின் இணைப்பைப் பிடுங்கிப் பார்த்தாள். அடுப்பில் வைத்த தண்ணீர் கொதிப்பதற்குள் கதவு தட்டப்பட்டது. "நெட் வரலியாம்மா?" மறுபடி மாட்டினாள்.

தங்கை அதற்கப்புறம் அசைவதை விட்டாள். காலையில் கட்டிலில் உட்கார்ந்தால் அக்கா வேலைக்குப் போய் வரும்வரை அப்படியே இருந்தாள். பக்கத்தில் ஒரு பாட்டில் தண்ணீர், ஒரு ரொட்டிப் பொட்டலம்.

"மூச்சு விடலாமா அக்கா?"

"கொஞ்சமா விடு."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் தங்கை பெட்டியைப் பார்த்துச் சொன்னாள்: "அங்க எந்திரிச்சா எங்க போறேன்னு கேட்டாங்க. உக்காந்தா ஏன் உக்காந்துட்டேன்னு கேட்டாங்க. கேட்டுக் கேட்டு அவங்களுக்காவது வாய் வலிச்சிருக்கும். இதுக்கு அதுவும் இல்ல."

சனிக்கிழமை மாலை வீட்டுக்காரரின் மனைவி, இடுப்பில் இறுகிவிட்ட பாவாடை ஒன்றைத் தளர்த்தித் தரச் சொல்லி எடுத்துவந்தார். கட்டிலில் சிலையாக உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்தார். யாரென்று கேட்கவில்லை. அக்கறைக்காரரோடு வெகுகாலம் குடும்பம் நடத்தியவர்களுக்குக் கேள்வி கேட்பதில் ஆசை விட்டுப்போகும்.

"எங்க வீட்டையும்தாம்மா காட்டுது இது," என்றார் அவர், தரையில் சாவகாசமாக உட்கார்ந்து. "நான் ஃப்ரிட்ஜ் பக்கம் ரெண்டாவது தடவை போனா கடையில இருந்து போன் வரும். 'என்ன, அதுக்குள்ள பசியா?' இதுல, கடையில கூட்டமா இருக்கற நேரம் நீ குடித்தனக்காரங்களைப் பாத்துக்கன்னு என் போன்லயும் போட்டுக் குடுத்திருக்காரு. கல்யாணமான நாள்ல இருந்து அவரு என்னைப் பாத்தாச்சு. இப்பதான் எனக்குன்னு ஒரு ஜன்னல் கிடைச்சிருக்கு."

போனைத் திறந்து தம் வீட்டுக் கட்டங்களைக் காட்டினார். வீட்டுக்காரருக்குச் சர்க்கரை, தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். மனைவி மார்க்கெட் போகிற நேரத்தில் கூடத்தில் விடாமல் நடப்பதாகச் சொல்லி, நெற்றியில் தண்ணீரைத் தொட்டு வைத்துக்கொண்டு கதவைத் திறக்கிறாராம். ஆனால் அந்த நேரமெல்லாம் கூடம் சாம்பல். சமையலறை மட்டும் விட்டு விட்டுப் பச்சை.

"பிஸ்கட் டப்பா," என்றார் மனைவி. "நான் கேட்டா சண்டைன்னு பேரு. நீ கேட்டா அக்கறைன்னு பேரு."

குடும்ப உறுப்பினரைச் சேர்க்க அந்தச் செயலியில் ஓர் இடம் இருந்தது. தையல்காரியின் எண்ணை அவரே அதில் போட்டார், கட்டங்கள் அவள் போனிலும் வந்தன. பாவாடையை எவ்வளவு தளர்த்துவது என்று சொல்ல மறந்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் வலைக்காரரோடு ஏறி வந்தார். வேடிக்கை பார்க்க நர்ஸும் வங்கி ஊழியரும் படியில் நின்றார்கள். நாலு பேர் முன்னால் பேசிப் பழக்கமில்லாதவள் தையல்காரி. கதவை முதுகால் சாத்திக்கொண்டு நின்றாள். சொந்தமாக ஒரு வார்த்தையும் வரவில்லை. ஆகவே அவருடைய வார்த்தையையே இரவல் வாங்கினாள்.

"சார், ஒண்ணு கேக்கட்டுமா? உங்க நல்லதுக்குத்தான்."

"கேளும்மா."

"தினம் காலைல அம்மா மார்க்கெட் போனப்பறம் உங்க கூடத்துல அசைவே இல்ல. மயங்கி கியங்கி விழுந்துட்டீங்களோன்னு பயந்துட்டேன். அப்பறம் பாத்தா சமையக்கட்டுல பச்சை வருது. அணையுது. மறுபடி வருது. அங்கயும் பூனை வருதா சார்?"

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். வீட்டுக்காரர் முகம் அவர் கடையில் விற்கிற நிறங்களில் பாதியைக் காட்டி முடித்தது.

"அடுத்தவங்க வீட்டுக்குள்ள என்ன நடக்குதுன்னு பாக்கறது என்னம்மா பழக்கம் இது?"

அவரே சொன்னதை அவரே ஒரு முறை கேட்டுக்கொண்டார் போலிருந்தது.

"சார், வலை எந்த வீட்டுக்கு?" என்றார் வலைக்காரர்.

வலை எந்த வீட்டுக்கும் அடிக்கப்படவில்லை. மறுநாள் வீட்டுக்காரர் தம் போனிலிருந்து அந்தச் செயலியை எடுத்துவிட்டார். இப்போது காலையில் நிஜமாகவே நடக்கிறார் என்றார் மனைவி. மனைவி மட்டும் தம் போனிலிருந்து அதை எடுக்கவில்லை. தம் வீட்டைத் தவிர வேறெதையும் பார்ப்பதுமில்லை. தங்கை அன்று முழுக்கக் கூடத்துக்கும் சமையலறைக்கும் காரணமே இல்லாமல் நடந்து தீர்த்தாள்.

கதை இங்கே முடிந்திருந்தால் அக்கறைக்காரர்கள் எல்லாரும் பெயின்ட் கடை வைத்திருப்பவர்கள் என்று நீங்களும் நிம்மதியாகத் தூங்கப் போகலாம்.

தையல்காரியும் செயலியை எடுத்துவிடத்தான் நினைத்தாள். எடுக்கும்முன் கடையிலிருந்து ஒரே ஒரு முறை தன் வீட்டைப் பார்த்தாள். பச்சை. தங்கை நடக்கிறாள், மனசுக்கு இதமாக இருந்தது. இதில் என்ன தப்பு? அடுத்தவர் வீடா என்ன? மறுநாளும் பார்த்தாள். கால்சட்டைக்குக் கால்சட்டை நடுவில் பார்த்தாள். ஒரு நாள் சமையலறை வெகுநேரம் சாம்பலாகவே இருக்க, போன் போட்டாள்.

"ஏண்டி, இன்னும் சாப்பிடலியா?"

அந்தப் பக்கம் தட்டு எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது. "இப்பதான் சாப்பிடப் போறேன்."

இன்னொரு நாள் இரண்டு கட்டங்களும் மத்தியானம் முழுக்கச் சாம்பல். போனையும் எடுக்கவில்லை. தையல்காரி ஊசியை விரலில் ஏற்றிக்கொண்டாள். அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு ஓடி வந்தாள். தங்கை அப்போதுதான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"எங்கடி போன?"

"வேலை கேட்டுப் போனேன். சலவைக் கடையில."

"சொல்லிட்டுப் போகக் கூடாதா?"

"கிடைச்சா சொல்லலாம்னு இருந்தேன்." தங்கை நிமிர்ந்தாள். "நான் இல்லன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

தையல்காரியின் கை தானாகப் போனை முந்தானைக்குள் மறைத்தது.

"உன் நல்லதுக்குத்தான்டி கேக்கறேன்."

சொன்ன பிறகுதான் அது அவள் காதில் விழுந்தது. தங்கை சுவரிலிருந்த பெட்டியைப் பார்த்தாள். பிறகு அக்காவைப் பார்த்தாள். கோபப்படவில்லை. சலவைக் கடையில் வேலை கிடைத்துவிட்டதென்று மட்டும் சொன்னாள்.

பாவம், இப்படியும் ஒரு அக்கா என்று நீங்கள் உச்சுக்கொட்டுவது கேட்கிறது. நல்லது. இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே நடுவில் ஒரு முறை போனைத் திருப்பி, ஓர் ஆள் கடைசியாக எப்போது ஆன்லைனில் வந்துவிட்டுப் போனார் என்று பார்த்தீர்களே, அது மகனா, மருமகளா, பழைய சிநேகிதரா? செய்தியைப் படித்தும் பதில் போடவில்லை என்று முணுமுணுத்தீர்களே? சொல்ல வேண்டாம். உங்கள் விஷயம் வேறு. நீங்கள் அக்கறையில்தான் பார்த்தீர்கள்.

தங்கை இப்போது வேறொரு தெருவில், மாடியில் ஒற்றை அறை ஒன்றில் தனியாக இருக்கிறாள். மாமியார் வீட்டுக்குத் தானே போன் செய்து, வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அக்காவைப் பார்க்க வாராவாரம் வருகிறாள். வரும்போது சொல்லிவிட்டு வருவதில்லை. அறையில் வைஃபை கிடையாது. தெருப் பெயரைச் சொல்லியிருக்கிறாள். கதவு எண்ணை இன்னும் சொல்லவில்லை.