வருணின் தப்புகள்

முடியாது என்று சொல்ல இரண்டு காரணங்களாவது வேண்டும். ஒன்று, நேரமில்லை, அது பொய். இரண்டு, விருப்பமில்லை, அதை நாத்தனாரிடம் சொல்ல முடியாது.

"அனுப்புங்க அண்ணி" என்றாள் அகிலா.

ஜப்பானிலிருந்து ஜோதிமணி வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தில், பென்சிலால் எழுதிய ஆங்கிலக் கட்டுரை. மகன் வருண் எழுதியது. அங்கே ஓர் ஆங்கிலத் தேர்வு உண்டு. வாசிப்புக் கேள்விகள் கொஞ்சம், கட்டுரை ஒன்று. கட்டுரையில் ஒரு கருத்தைச் சொல்லி, அதற்கு இரண்டு காரணங்கள் எழுத வேண்டும். இந்த முறை தலைப்பு: வெளிநாட்டில் வாழ்வது நல்லதா?

"திருத்திக் குடு, போதும். வீட்ல சும்மாதானே இருக்க?"

கரூரில் பதினொரு வருடம் ஆங்கிலம் நடத்தியவள் அகிலா. அஜ்மானில் நான்கு வருடமாக ரவிசங்கரின் மனைவி. விசாவிலும் அப்படித்தான் போட்டிருந்தது.

அச்செடுத்து வைத்துத் திருத்திய கட்டுரையில் ஓர் இடம்: 'எங்கள் வீட்டில் மூன்று பேர். இரண்டு பேர் ஜப்பானிய மொழியில் சிரிப்பார்கள். ஒருவர் சோறு போடுவார்.'

பேனா சற்று நின்றது. பிறகு அந்த வரிகளை அடித்துவிட்டு, ஓரத்தில் 'தலைப்புக்குத் தொடர்பில்லை' என்று எழுதினாள். பயணத்தின் பயன்கள் பற்றி இரண்டு காரணங்களைத் தானே சேர்த்தாள்.

மாலை துபாயில் வேலை முடிந்து திரும்பிய ரவிசங்கர் குடும்பக் குழுவில் போட்டான்: 'வருணுக்கு அகிலா கோச்சிங். பாஸ் உறுதி.' குவைத்தில் ஃபஹாஹீலில் இருக்கும் சித்தப்பா கட்டைவிரல் காட்டினார். கரூரிலிருந்து மாமியார் 'பார்ப்போம்' என்று மட்டும் போட்டார்.

"யாரைக் கேட்டுப் போட்டீங்க? அவன் ஃபெயிலானா?"

"நீ இருக்கும்போது எப்படி ஆவான்?"

பதினொரு வருடம் இப்போது ஒரு பையனின் மார்க்கில் தொங்கியது.

இரண்டு நாளில் ஜோதிமணி கூப்பிட்டாள். "வாத்தியார் நம்பல. ரொம்ப நல்லா இருக்காம். கொஞ்சம் தப்பு போட்டுக் குடு."

அகிலா தப்பு போட்டாள். மாணவர்களின் தப்புகளெல்லாம் நினைவில் இருந்தன. வகைக்கொன்றாக ஒன்பது போட்டாள்.

"அதையும் நம்பல" என்றாள் ஜோதிமணி. "இது வேற யாரோட தப்போவாம். ஒவ்வொருத்தருக்கும் சொந்தமா தப்பு இருக்காமே?"

"அப்ப வருணைப் பேசச் சொல்லுங்க அண்ணி. அவன் தப்பை நான் கேக்கணும்."

"பேஸ்பால் ஆடப் போயிருக்கான். எங்கிட்ட சொல்லு, நான் சொல்லிக்கிறேன்."

அடுத்து வாசிப்புப் பத்தி வந்தது, தேனீக்களைப் பற்றி. அப்போதும் வருண் பேஸ்பால் ஆடிக்கொண்டிருந்தான். அகிலா நாற்பது நிமிடம் ஜோதிமணிக்கு விளக்கினாள்.

"ராணித் தேனீ ஏன் கூட்டை விட்டு வெளியவே வரமாட்டேங்குது?"

"கேள்வியில அது இல்ல அண்ணி."

"இல்ல, தெரிஞ்சுக்கலாமேன்னுதான்."

தேர்வுக்கு முந்தைய நாள் கடைசி யோசனை வந்தது. வரக்கூடிய தலைப்பு மூன்றுக்கு அகிலாவே கட்டுரை எழுதித் தர வேண்டும். அவன் மனப்பாடம் செய்துவிடுவான். ரவிசங்கர் சாம்பார் ஊற்றிக்கொண்டே சொன்னான்: "எழுதிக் குடுத்துடு. குழுவுல வேற போட்டுட்டேன்."

அகிலா உட்கார்ந்தாள். முதல் வரியே வரவில்லை. எழுதப்போகிறவனின் குரலை இதுவரை ஒருமுறைகூடக் கேட்கவில்லை. போனை எடுத்துக் கூப்பிட்டாள்.

"ஹலோ அத்தை. அம்மா குளிக்கிறாங்க."

"வருண்! ஆடப் போகலயா?"

"எங்க?"

"பேஸ்பால்."

"எனக்கு பேஸ்பால் ஆடத் தெரியாதே."

"சரி விடு. நாளைக்கு பரீட்சைக்கு ரெடியா?"

"நான் அதை ஜூன்லயே பாஸ் பண்ணிட்டேன் அத்தை. நாளைக்கு எழுதப்போறது அம்மா."

மேசை மேல் அந்த முதல் கட்டுரை கிடந்தது. அடித்த கோட்டுக்கு அடியிலும் எழுத்து தெளிவாகத் தெரிந்தது.

அங்கே கதவு திறக்கும் சத்தம். போன் கைமாறியது.

"என்ன அகிலா, எழுதிட்டியா? புள்ளைக்கு நாளைக்கு பரீட்சை!"

"முடியாது அண்ணி."

"ஏன்?"

இந்த முறை அவளிடம் இரண்டு காரணங்கள் இருந்தன. ஒன்றை மட்டும் சொன்னாள்.

"வருண் முதல்ல எழுதினதுதான் சரி. நான்தான் தப்பா அடிச்சுட்டேன். அதையே எழுதச் சொல்லுங்க."