பத்து மணிக்கு மேல் பரங்கிக்காய்

தஞ்சைச் சீமையில் தினமும் சூரியனைத் தட்டி எழுப்பி அனுப்பிவைத்தவர் எங்கள் தாலுகா ஆபீஸ் சர்வேயர்தான். மூன்று மணிக்கு விழிப்பார். பத்து மணி வரை மூளை, சாணை பிடித்த அரிவாள். பத்தடித்தால் பரங்கிக்காய். ஆபீஸே அவரைச் சேவல் என்றுதான் சொல்லும்.

ஒன்பதரைக்குப் போட்ட கையெழுத்து நடவு வரிசை மாதிரி நேராக நிற்கும். பதினொன்றுக்கு அதுவே மண்புழு. "உடம்புக்கு ஒரு நேரம் இருக்கு தம்பி, வேலைய அதோட சேத்துவச்சா கல்யாணம், பிரிச்சுவச்சா கேஸு" என்பார். தாசில்தார் ஒருமுறை மெமோ கொடுத்தார். மறுநாள் காலை நாலு மணிக்கு அவர் வீட்டுக் கதவைத் தட்டிப் பதில் கொடுத்தார் சேவல். அதோடு மெமோ நின்றது.

நான் புதுக் குமாஸ்தா. நாற்காலி கிரீச்சிட்டால்கூட எழுந்து நின்று மன்னிப்புக் கேட்கிற ரகம்.

குத்தகைக்காரர் பெயர்களைப் பதிவு செய்துகொண்டிருந்த காலம் அது. திருத்துறைப்பூண்டிப் பக்கம் அஞ்சலை என்பவள் குத்தகைக்குப் பயிர் வைத்த வயல், தான் ஆள்வைத்துச் சொந்தமாகப் பயிரிடும் பண்ணைக்குள் வருகிறது என்றார் நிலத்துக்காரரான மிராசுதார். அளந்து பார்த்து அவள் சொன்ன எல்லை சரியென்றால் அவள் பெயர் ஏறும். இல்லையென்றால் வயல் போச்சு. வயலை அளக்க மேலதிகாரிகள் குறித்த நேரமோ பகல் பன்னிரண்டு!

வரப்புக்கு இந்தப் பக்கம் ஐம்பது தடி, அந்தப் பக்கம் ஐம்பது தடி. நடுவில் அளவுச் சங்கிலியோடு நான். சேவல் ஜீப்பில் குறட்டை. என்ன செய்தேன் தெரியுமா? கைக்கடிகாரத்தை எட்டு மணிக்குத் திருப்பிவைத்து அவரை உலுக்கினேன்.

"சார், எழுந்திருங்க. மணி எட்டு!"

ஒரு கண்ணை மட்டும் திறந்து என் காலடியைப் பார்த்தார். "நிழலு செருப்புக்கடியில கெடக்கு, எட்டாம்! ஏன் தம்பி, சூரியனுக்கும் லஞ்சம் குடுத்துட்டியா?"

"அளக்குறீங்களா, இல்ல நாங்களே அளந்துக்கவா?" என்று ஒருவன் கத்தினான். தடிகள் உயர்ந்தன. ஜீப்புக்கு அடியில் எனக்கு இடம் போதுமா என்று பார்த்தேன். அன்று நடந்த ஒரே அளவு அதுதான்.

சேவல் கொட்டாவியோடு வரப்பேறினார். "இப்ப அளந்தா உங்க வயலக் கடலுக்குள்ள வரைஞ்சுடுவேன். ஏம்மா, நீ எத்தன மணிக்கு வயல்ல எறங்குவ?"

"அஞ்சு மணிக்குங்க" என்றாள் அஞ்சலை.

"அப்ப நாளைக்கு அஞ்சு மணி. ரெண்டு தரப்பும் சம்மதிச்சுக் கையெழுத்துப் போடுங்க."

மிராசுதார் முகம் வெளுத்தது. விடியலை அவர் பார்த்ததே இல்லை. அதை அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வார்? போட்டார்.

மறுநாள் சண்டை போட ஒருவருக்கும் தெம்பில்லை. தடியை ஊன்றி நின்று கொட்டாவி விட்டார்கள். மிராசுதாருக்குப் பதிலாக மப்ளருக்குள் காரியஸ்தர் வந்திருந்தார். சேவல் வரப்பில் பறந்தார். சேற்றில் தோள்வரை கைவிட்டு, புதைந்துபோன எல்லைக்கல்லைத் தொட்டார். அஞ்சலை சொன்ன இடமேதான். எட்டரைக்குள் படம், ரிப்போர்ட், காரியஸ்தர் ஒப்பம், நேரான கையெழுத்து எல்லாம் முடிந்தன.

மிராசுதாரின் கார் வந்து நின்றபோது மணி பத்து. சட்டம் பேச வந்தவருக்கு எதிரே ஜீப்பில் பரங்கிக்காய். அதன் தலைக்கடியில் வைக்கோலைச் செருகிவிட்டு அஞ்சலை மிராசுதாரிடமே சொன்னாள்: "மெதுவாப் பேசுங்க. அவரு தூங்குறாரு."

சேவல் போய்ப் பல வருஷமாகிறது. இப்போதும் பத்தடித்தால் என் குரல் தானாகத் தணிந்துவிடுகிறது. அவர் தூங்குகிற நேரம்.