கரகரப் பெட்டியும் அக்கா கல்யாணமும்

இருபது வயதில் எனக்கிருந்த ஒரே திறமை, கித்தாரைத் தோளில் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் அழகாக நிற்பது. வாசிப்பெல்லாம் அதற்குப் பிறகுதான். (ரொம்பப் பிறகு.)

எழுபதுகளின் நடுப்பகுதி. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவில் பொழுது விடிந்தால் தறிச் சத்தம். அப்பாவும் அக்கா மல்லிகாவும் தறியில் உட்கார்ந்திருப்பார்கள். அந்தச் சத்தத்தையும் மீறி என் கித்தார் கேட்க வேண்டும் என்பது என் லட்சியம். நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து 'இடிமுழக்கம் இன்னிசைக் குழு' ஆரம்பித்திருந்தோம். முழக்கம் இருந்தது. இன்னிசையைத் தேடிக்கொண்டிருந்தோம்.

டிரம்ஸ் வாசிக்கும் பாபு மெட்ராஸில் யார் வீட்டிலோ ஓர் இங்கிலீஷ் ரிக்கார்டு கேட்டுவிட்டு வந்து என் தூக்கத்தைக் கெடுத்தான்.

"கித்தாரா அது? லாரி மேடு ஏறுற மாதிரி உறுமுதுபா! ஹெவி மெட்டலாம் அதுக்குப் பேரு."

உள்ளேயிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். "மெட்டலா? இன்னாடா, பாத்திரக் கடை வெக்கப் போறீங்களா?"

அந்த உறுமலுக்கு ஒரு பெட்டி வேண்டும் என்றான் பாபு. கித்தாருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவே அதைச் செருகிக் காலால் மிதித்தால், வழவழவென்று வருகிற ஓசை உடைந்து கரகரவென்று வரும். அக்கா கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம். முந்தின நாள் மாலை வரவேற்பில் கச்சேரி எங்களுடையதுதான். உடனே மெட்ராஸுக்கு பஸ் ஏறிவிட்டேன்.

கடைக்காரர் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்று சாம்பல் நிற இரும்புப் பெட்டி, பார்க்க மின்சார மீட்டர் மாதிரி. இன்னொன்று பளபளவென்ற சிவப்பு பிளாஸ்டிக். இரண்டையும் மிதித்துப் பார்த்தேன். இரும்பு கனமாக, அடக்கமாக உறுமியது. சிவப்பு, கறிவேப்பிலை தாளிக்கிற மாதிரி வெடித்தது.

"தம்பி, இரும்பு எடுத்துக்குங்க," என்றார் அவர். "சிவப்பு காத்துல வர்றதையெல்லாம் இழுக்கும்."

எனக்குப் புல்லரித்துவிட்டது. காற்றில் இருக்கிற இசையையெல்லாம் இழுத்துத் தருகிற கருவி! ஒருவர் எச்சரிப்பதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளும் வரம் எனக்குச் சிறு வயதிலிருந்தே உண்டு. சிவப்பை வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாமல் பக்கம் மாட்டாஸ்பத்திரியில் உதவியாளர். அமைதியான மனிதர். வீட்டில் எல்லோருக்கும் பிடித்திருந்தது. எனக்கு மட்டும் 'மாட்டாஸ்பத்திரி' என்று நண்பர்களிடம் சொல்ல வாய் வரவில்லை. ஹெவி மெட்டல் கலைஞனின் அத்தான் மாட்டுக்கு ஊசி போடுவதாவது! அதனால் வரவேற்பன்று மைக்கைப் பிடித்து, "கோட்டையில் பெரிய ஆபீசராகப் பணிபுரியும் எங்கள் அத்தானுக்கு..." என்று ஆரம்பித்துவிட்டேன். மேடை நாற்காலியில் அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை, யாரைச் சொல்கிறேன் என்று திரும்பிப் பார்த்தார்.

முதல் பாட்டு முடிந்தது. இரண்டாவதில்தான் என் உறுமல். கையை உயரே தூக்கி, கண்ணை மூடி, சிவப்புப் பெட்டியை ஓங்கி மிதித்தேன். கை கம்பிக்கு வருவதற்குள் ஆம்ப்ளிஃபையரிலிருந்து ஓர் ஆண் குரல் நிதானமாகப் பேசியது:

"...எருமை சினைக்கு வந்திருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? அடிக்கடி கத்தும். தீனி எடுக்காது..."

வானொலியின் மாலை விவசாய நிகழ்ச்சி. காற்றில் வந்ததைச் சிவப்புப் பெட்டி இழுத்துவிட்டிருந்தது. மண்டபமே அசையாமல் கேட்டது. மேடையில் மணக்கோலத்தில் அக்கா.

பதறிப்போய்க் கம்பிகளைப் பிடித்தேன். குரல் நின்றது. கையை எடுத்தேன்.

"...வாலைத் தூக்கிக்கொண்டு..."

மறுபடி பிடித்தேன். பெட்டியை மிதித்து நிறுத்தலாம், ஒயரைப் பிடுங்கலாம். அந்த நேரத்தில் இது எதுவும் எனக்குத் தோன்றவில்லை. கித்தாரின் கழுத்தை நெரித்தபடி சிலை மாதிரி நின்றேன்.

மாப்பிள்ளையின் பெரியப்பா எழுந்துவிட்டார். "இன்னாய்யா, வெளையாடுறீங்களா? மொதல்ல ஆபீசருன்றீங்க, அப்புறம் மாடு, சினைன்னு ரேடியோ வெக்கிறீங்க! எங்க புள்ள செய்ற வேலை உங்களுக்குக் கேலியா இருக்குதா? எழுந்திருடா, போலாம்!"

அப்பா ஓடி வந்தார். புது வேட்டி தடுக்க, அந்த மனிதரின் முன்னால் கும்பிட்டபடி குனிந்தார். "சின்னப் பையன், தெரியாம பண்ணிட்டான், மன்னிச்சுக்குங்க..." தறிக்குழியில் உட்கார்வதற்கன்றி வேறெதற்கும் அப்பா முதுகை வளைத்து நான் பார்த்ததில்லை. இன்று நினைத்தாலும் காது சூடாகிறது.

மாப்பிள்ளை நாற்காலியை விட்டு இறங்கி வந்தார். அவர் குரலை அன்றுதான் முதன்முதலாகச் சரியாகக் கேட்டேன்.

"பெரியப்பா, உக்காருங்க. மாட்டு வேலைதானே பாக்கறேன்? அதுல இன்னா இருக்குது?" பிறகு என்னிடம் வந்தார். கோபமே இல்லை. "மச்சான், ஆபீசர்னு ஏம்பா சொன்னே?"

மன்னிப்புக் கேட்கிற பாவனையில் இரண்டு கைகளையும் தூக்கிக் கும்பிட்டேன்.

கை கம்பியை விட்டுவிட்டது.

"...எனவே எதையும் மறைக்காமல் உடனே கால்நடை உதவியாளரிடம் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும்..."

முதலில் சிரித்தவர் மாப்பிள்ளைதான். அப்புறம் பெரியப்பா. அப்புறம் மொத்த மண்டபமும். அப்பா மட்டும் கும்பிட்ட கையை இறக்காமல் நின்றார். அக்கா பட்டுப்புடவையை ஒரு கையில் அள்ளிப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாள். சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கி என் கையில் திணித்தாள். "போய் பந்தியில தண்ணி ஊத்து, போ," என்றாள். போய் ஊற்றினேன். என் முகத்தைப் பார்த்த ஒவ்வொருவரும் டம்ளரை நீட்டிக்கொண்டே "ம்ம்ம்மா" என்று கத்தினார்.

மறுநாள் காலை தாலி கட்டினார்கள். இடிமுழக்கம் அத்தோடு ஓய்ந்தது. ஆனால் அத்தான் என்னை விடவில்லை. வீட்டில் நான் கொஞ்சம் பெரிதாக அளக்க ஆரம்பித்தால் போதும், "மச்சான், கைய எடுப்பா, நெஜம் வரட்டும்," என்பார். அவர் பிள்ளைகள் அதைக் கற்றுக்கொண்டன. பிறகு என் பிள்ளைகளும்.

போன வருடம் என் மகனுக்குப் பெண் பார்க்கப் போனோம். பெண்ணின் அப்பா, "பையன் கம்பெனியில என்னவா இருக்காருங்க?" என்று கேட்டார். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, "மேனேஜரா..." என்றேன். பக்கத்தில் அத்தான் லேசாக ஒரு முறை இருமினார்.

மடியில் இருந்த என் இரண்டு கைகளும் தானாக மேலே போய்விட்டன.

"சூப்பர்வைசருங்க," என்றேன்.