என் சார்பில் சும்மா இருந்தவர்

சும்மா இருப்பதற்குக்கூட ஆள் வைத்தவன் நான். அந்தக் கூத்தில், இருபத்திரண்டு வருடம் என்னோடு உழைத்த ஒரு நல்ல மனிதரை இழக்கப் பார்த்தேன். தப்பு முழுக்க என்னுடையது என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்.

ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டுக்கு மேனேஜராக இருந்தேன். ஐம்பத்தொன்பது வயது. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் எட்டு நாள் தூங்காதவன் போலிருக்கும். கோடை மழை பெய்து தோட்டமே வெள்ளையாகப் பூத்து மணந்தபோது, 'சனியன், இத்தனையையும் பறிக்க ஆள் பிடிக்க வேண்டுமே' என்று மட்டும்தான் தோன்றியது. (காப்பிப் பூவைத் திட்டிய ஒரே மேனேஜர் நானாகத்தான் இருப்பேன்.) பார்க்கிறவர்களிடமெல்லாம் கத்தினேன். அதிகம் வாங்கிக் கட்டிக்கொண்டவர் எங்கள் ரைட்டர், பக்கத்து ஊரான வாழவந்திக்காரர் செல்வராசு. எஸ்டேட்டில் எழுத வேண்டியது எதுவானாலும் அவர்தான் எழுதுவார். பென்சிலால் புள்ளி வைத்த இடத்தில் நான் கையெழுத்துப் போடுவேன். படித்துப் பார்க்கும் கெட்ட பழக்கம் எனக்குக் கிடையாது.

பறிப்பு தொடங்கிய சமயம், என் மனைவி சரோஜா என்னைச் சேலத்தில் ஒரு மனநல ஆலோசகரிடம் இழுத்துப்போனாள். என் மகள் வயதுப் பெண் அவர்.

"வேலை செஞ்ச களைப்பு தூங்கினா போயிடுங்க சார். இது போகாது. பர்ன் அவுட்னு சொல்லுவோம். வருஷக்கணக்கா உங்ககிட்டயிருந்து எடுத்துக்கிட்டே இருந்திருக்கீங்க, திருப்பி ஒண்ணும் வைக்கல. இப்ப உள்ள மிச்சமிருக்கறது கோபம் மட்டுந்தான்."

வீட்டுப்பாடமும் கொடுத்தார். தினமும் அரை மணி நேரம் எதுவும் செய்யாமல் உட்கார வேண்டும். பிறகு மனதில் தோன்றியதை மறைக்காமல் ஒரு நோட்டில் எழுத வேண்டும்.

எழுத வேண்டும் என்றதுமே அது யாருடைய வேலை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"செல்வராசு, தினம் நாலு மணிக்கு அரை மணி நேரம் சும்மா உக்காருய்யா. மனசுல தோணறதை மறைக்காம எழுது. கீழ நான் கையெழுத்துப் போடறேன்."

"ஏனுங் சார், சும்மாவா உக்காரோணும்?"

"ஆமாய்யா."

"நெசமாலுமேங்களா?"

"பேசாம உக்காருய்யா!" என்று கத்தினேன்.

மூன்று வாரம் எனக்காக அவர் சும்மா இருந்தார். நோட்டை எடுத்துக்கொண்டு, முதல் மார்க் வாங்கப் போகிறவனைப் போல மலையிறங்கினேன். ஆலோசகர் படிக்கப் படிக்க அவர் முகம் இளகியது.

"நொந்துபோய் எழுதியிருக்கீங்க சார்."

"நன்றிங்க" என்றேன், அடக்கமாக.

அவர் வாய்விட்டு வாசித்தார்: "'இன்னிக்கும் பொம்பளையாளுங்க முன்னால சார் கத்துனாரு. ஊட்டுக்குப் போனாலும் காதுக்குள்ள அவரு சத்தந்தான். சோறு எறங்கல. இந்தப் பறிப்பு முடிஞ்சதும் வேலையை உட்டறலாம்னு இருக்கேன்.'"

பிறகு நிமிர்ந்து கேட்டார். "யாருங்க இந்த சார்? எஸ்டேட்ல உங்களுக்கு மேல ஒருத்தர் இருக்காரா?"

"எனக்கு மேல யாருமில்லைங்க. அங்க நான்தான் பெரியவன்" என்றேன் பெருமையாக.

சொல்லி முடித்த பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் என் கையெழுத்து. என் குற்றப்பத்திரிகையை நானே தினம் தவறாமல் ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

உண்மையைச் சொன்னேன். அவர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். அப்புறம் மெதுவாக, "உங்களுக்கு வந்ததை அவருக்கும் கொடுத்துட்டீங்க சார்" என்றார். அதற்குச் சிரிப்பு வரவில்லை.

திரும்பும்போது இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் மன்னிப்பை ஒத்திகை பார்த்தேன். மறுநாள் காலை ஆள்கள் கூடியதும், உணர்ச்சி மிகுதியில், "செல்வராசு! இங்க வாய்யா!" என்று மலையே அதிரக் கத்திவிட்டேன். முன்னால் நின்ற இரண்டு பெண்கள் கூடையோடு பின்வாங்கினார்கள். (பழக்க தோஷம்.) அவர் வந்தார்.

"அந்த நோட்டைப் படிச்சாச்சு."

"படிச்சீங்களா? நீங்களாங்க?" (அவருக்கு அதுதான் பெரிய அதிர்ச்சி.)

"தப்பு என்னோடதுய்யா. இவங்க முன்னாலதான் கத்தினேன், இவங்க முன்னாலயே கேக்கறேன். மன்னிச்சுக்க. வேலையை விட்டுப் போயிடாத."

அவர் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார். பிறகு, "எழுத்துல இருந்தா நல்லாருக்குங்க சார். வேணும்னா நானே எழுதி வெச்சர்றேன், நீங்க கையெழுத்துப் போட்டாப் போதும்" என்றார்.

முதலில் சிரித்தது அந்தக் கூடைக்காரப் பெண்கள்தான். மன்னிப்பை நானே எழுதினேன். இருபது வருடத்துக்குப் பிறகு என் கையால் எழுதிய முதல் பக்கம் அது. அவ்வளவு கிறுக்கல்; பாதியை அவருக்கு நான்தான் படித்துக் காட்ட வேண்டியிருந்தது.

அவர் உடனே என்னை நம்பிவிடவில்லை. பறிப்பு முடிந்தும் போகவில்லை, அவ்வளவுதான். நான் ஒரு வருடம் ஆலோசகரிடம் போனேன். சில மாதம் அவரும் தனியாகப் போனார். அடுத்த கோடையில் காப்பி பூத்தபோது அரை மணி நேரம் நானே நின்று முகர்ந்தேன்.

இப்போது நான் ஓய்வு பெற்றவன். நாலு மணிக்கு நாற்காலியில் சாய்ந்தால் சமையலறையிலிருந்து சரோஜா குரல் கொடுப்பாள்:

"ஏனுங்க, சும்மா இருக்கறது நீங்கதானா? இல்ல, செல்வராசைக் கூப்பிடட்டுங்களா?"